மிச்சம் திரும்பும் வழி

கல்லுண்டாய் வெளியில் மூன்றாந்தரமும் நின்றது.
பின்சீற்றில் நாற்பத்தொரு சோற்றுப் பார்சல்.
கச்சேரியில்
பன்னிரண்டரைக்குப் பசிக்கிற நாற்பத்தொரு பேர்.
குப்பைமேட்டுப் புகை கண்ணாடி வழியே வந்து
கத்தரிக்காய்க் குழம்பின் மேல் குந்தியது.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொறிஸ் மைனர்.
உள்ளே
கொடிகாமத்தில் தலைகீழாய்ப் போன வான் ஒன்றின்
டீசல் எஞ்சின்.
பொனெற் மூடவென்று ஓரத்தில் அரை அங்குலம் வெட்டி
மூடினோம்.
ஓடியது, இருபது நிமிடம் மட்டும்.

டிலக்சனின் மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து
தாவடியிலிருந்து வந்தான் அருட்செல்வன்.
இறங்கமுன்னமே கதை:
"பெற்றோல் எஞ்சின் குடுக்கிறதைக் குடிச்சிட்டுச் சும்மா இருக்கும்.
இது அப்பிடியில்லை அக்கா.
கூடக் கேட்டு வாங்கும்,
கொஞ்சத்தை எரிக்கும்,
மிச்சத்தைச் சூடாக்கித் திருப்பித் தரும்.
அந்த மிச்சத்தை எங்கை விட்டிருக்கு?"

விட்டது அவன்தான்.
நான் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு 'ரீ' போட்டு
வருகிற குழாயிலேயே செருகியிருந்தான்.
காற்றுக் குமிழும் சூடும் வெளியே போக இடமின்றிச்
சுற்றிச் சுற்றி வந்து
கடைசியில் எஞ்சின்
தான் விட்ட மூச்சையே விழுங்கி விக்கியது.

பிறகு எண்ணெய் ஊற்றும் கழுத்தில் துளைத்தான்.
அது ஓடியது, ஓம்.
ஆனால் ஷெட்டில் அடிக்கும்போது நுரை பொங்கிப்
பம்ப்காரப் பொடியனின் சேட்டை நனைத்தது.
தண்ணி மட்டம் பார்க்கிற வெள்ளைக் குழாயைப் போட்டிருந்தான்;
இரண்டு கிழமையில் மஞ்சளாகி, விறைத்து, வெடித்தது.
கச்சேரியில் ஒரு கிளாக்கர்
பார்சலை மணந்து பார்த்துத் திருப்பி அனுப்பினார்.
அதுவும் சூடாகத்தான் திரும்பி வந்தது.

இனி ராங்கைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை.
சவர்க்காரத் தூள் போட்டு ஏழு தரம் அலசி
வாய்வரை தண்ணீர் நிரப்பினார்கள்.
வெறும் ராங்க்தான் வெடிக்குமாம்,
நிறைந்தது வெடிக்காதாம்.
இருந்தும் ஈயப்பற்று வைக்கிற நேரம்
மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

கொக்குவிலில் பிறிச் திருத்துகிறவரிடம்
ஒன்பது அடிச் செப்புக்குழாய் வாங்கியது நான்.
உள்முனை அடிவரை இறங்கவேண்டும்,
உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் கொட்டக்கூடாது.
சைலன்சர் போகிற பக்கம் வேண்டாம்.
கைபிறேக் கம்பியோடு உரசவும் கூடாது.
அச்சுக்கு மேலே ஒரு வளைவு எடுத்து
கிளிப் அடித்து, கை துடைத்து
"முடிஞ்சுது" என்றான்.

"வெறுங்காரை அளந்திருக்கிறாய்," என்றேன்.
"இது ஒருநாளும் வெறுமனே ஓடுறேல்லை."

இரண்டு மூட்டை அரிசி,
சோற்றுக் கிடாரம்,
கிடாரத்துக்குப் பக்கத்தில் டிலக்சன்.
வில்லுத்தகடு முனகிப் பணிந்தது.
ரோச்சோடு கீழே படுத்துப் பார்த்தேன்:
அச்சு இரண்டங்குலம் எழும்பி
புதுச் செப்பில் சரியாக முத்தமிட்டுக்கொண்டு நின்றது.
முதற்பள்ளத்திலேயே அறுத்திருக்கும்.

அருட்செல்வன் ஒன்றும் பேசவில்லை.
கிளிப்பைக் கழற்றினான்.
வளைவைச் சட்டத்தின் உள்பக்கம் தள்ளினான்.
டிலக்சன் இறங்கப்போனான்.
"இரடா, முடியுமட்டும் பாரமாய் இரு."

வெள்ளிக்கிழமை.
நவாலியில் இருந்து புறப்பட்டு
பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
ரேடியோவை நிற்பாட்டினேன்.
கல்லுண்டாயில் கொக்குகள், புகை,
எதிரே ஒரு பவுசர்.
இருபத்தொன்று.

கச்சேரி வாசலில் நிறுத்திப்
பின்னால் குனிந்து குழாயைத் தொட்டேன்.
வெதுவெதுப்பு.
வேண்டாமென்றது
வந்துகொண்டிருந்தது.

நாற்பது பார்சல் போயிற்று.
அந்தக் கிளாக்கர் கடையில் சாப்பிடுகிறாராம்.
பழக்கத்தில் கட்டிய நாற்பத்தோராவதை
டிக்கியில் இருந்து பிரித்தேன்.
மணந்து பார்த்தேன்.
கத்தரிக்காய்தான்.